மாப்பிள்ளை எப்படி இருக்கார்?

பக்கத்து வீட்டுப் பெண் தனக்கு நிச்சயித்த பையனோடு போனில் முகம் பார்த்துச் சிரித்துப் பேசுகிறாள். அந்தச் சிரிப்பு காதில் விழும்போதெல்லாம் எனக்குச் செண்பகம் அக்கா நினைவு வந்துவிடும்.

அப்போது மேலகரத்தில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினேழு. சாரல் விழுந்த ஒரு காலையில் அவளைப் பெண் பார்க்க வீரகேரளம்புதூரிலிருந்து வந்தார்கள். பெண் மாப்பிள்ளையைப் பார்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

“ஏட்டி, எப்படி இருக்காருன்னு பாத்துட்டு வா,” என்று அக்கா என்னை அனுப்பினாள்.

எட்டிப் பார்த்தேன். காதோரமெல்லாம் நரைத்திருந்தது. திரும்பும்போது அம்மா என் கையைப் பிடித்தாள்.

“நல்லா இருக்காருன்னு மட்டும் சொல்லு.”

அப்படியே சொன்னேன்.

“சிரிச்சாராட்டி?”

அதற்கும் ஆமாம் என்றேன்.

மாலை மாற்றும்போதுதான் அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினாள்.

அவர் நல்லவர்தான். ஆனால் ஏழாம் வருஷமே இறந்துபோனார். அக்கா எங்களிடமே திரும்பி வந்தாள். நான் சொன்ன பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வருஷம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தாலியறுத்தவள் முன்னால் வரக்கூடாது என்று அவளை அடுக்களையில் இருக்கச் சொன்னார்கள். அவளோ என் கையைப் பிடித்து எல்லோர் முன்னாலும் கூட்டிக்கொண்டு போனாள்.

“நீயே நல்லாப் பாத்துக்கோட்டி.”

வந்தவர்கள் அபசகுனம் என்று எழுந்து போய்விட்டார்கள். எல்லோரும் அக்காவை ஏசினார்கள்.

அடுத்து வந்தவர்களிடம் அப்பாவே, “எங்க பிள்ளையும் மாப்பிள்ளையை ஒருக்கா பாத்துக்கிடட்டும்,” என்றார்.

அன்று அக்கா அடுக்களையை விட்டு வெளியே வரவே இல்லை.