ஒரு படி தவிடும் சிகாகோவும்

போன வாரம் என் தங்கை மகள் தன் பிறப்புச் சான்றிதழின் மேல் கைபேசியை நீட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் தமிழ் ஆங்கிலமாகிவிட்டது. "அவ்ளோதான் பெரிம்மா. இதுக்கா நீங்க சம்பளம் வாங்குனீங்க?" என்றாள். எனக்கு ஏனோ கார்பன் தாளின் வாசனை அடித்தது. வீட்டில் கார்பன் தாள் ஒன்றுகூடக் கிடையாது.

எழுபதுகளின் தொடக்கத்தில், பெரிய காஞ்சிபுரத்துத் தட்டெழுத்து நிலையம் ஒன்றில், காகிதங்களை மொழிபெயர்த்து அடித்துக் கொடுக்கும் வேலை பார்த்தேன். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டெழுத்து ஹையர் பரீட்சை முடித்தவள் என்ற பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. மேசை மேல் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தேன்: மூலத்தில் உள்ளது எதையும் விடாதே, இல்லாததைச் சேர்க்காதே, மூன்று படி எடு, ஒன்றை நீ வைத்துக்கொள். வெளியே தெருவில் நெசவாளர்கள் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடுவார்கள். அந்த வாசனையும் கார்பனும் கலந்ததுதான் எனக்கு அமெரிக்கா.

அமெரிக்கா அப்போதுதான் நம்மவர்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. இஞ்சினியர்கள் போனார்கள், டாக்டர்கள் போனார்கள். பின்னாலேயே மனைவியும் தம்பியும் போக, தமிழ்க் காகிதமெல்லாம் ஆங்கிலமாக வேண்டியிருந்தது. "இங்கே ஸ்பானிஷுக்கும் போலிஷுக்கும் தெருவுக்குத் தெரு ஆள் இருக்கிறார்கள். தமிழுக்கு ஒருவரும் இல்லை. காஞ்சிபுரத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று சிகாகோவிலிருந்து ஒருவர் எழுதினார். அவர் தவிட்டம்மாளின் கணவர்.

தவிட்டம்மாள் என் வயதுக்காரி, நெசவுக் குடும்பம். அவளுக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. அதனால் பிறந்த அன்றே பக்கத்து வீட்டுக் கதீஜா பீயிடம் ஒரு படி தவிட்டுக்குக் கொடுத்து, மூன்றாம் நாள் திரும்ப வாங்கினார்கள். சாவை ஏமாற்றும் வழி அது; அந்தப் பெயரும் அப்படி வந்ததுதான். மற்ற வீடுகளில் விஷயம் அதோடு முடிந்துவிடும். கதீஜா பீயின் கணவரோ நகராட்சிக்கே போய், தகப்பன் பெயரென்று தன் பெயரை எழுதிவிட்டு வந்துவிட்டார். "ஏமாத்துறதுன்னா முழுசா ஏமாத்தணும்" என்பாராம்.

இருபத்திரண்டு வருடம் அதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. விசாவுக்காகப் பார்த்தபோது, பள்ளிச் சான்றிதழில் ஒரு தகப்பன், பிறப்புப் பதிவில் இன்னொருவர். அவள் அப்பா நடந்ததை அப்படியே வாக்குமூலமாக எழுதிக் கொடுத்தார். நானும் எதையும் விடாமல், 'ஒரு படி தவிட்டுக்கு விற்றோம்' என்பதை அழகான ஆங்கிலத்தில் அடித்தேன். இது ஒரு சடங்கு என்று ஒரு வரி விளக்கவில்லை, மூலத்தில் இல்லையே.

ஒரு மாதத்தில் அமெரிக்கத் தூதரகத்திலிருந்து பதில் வந்தது. குழந்தையை விற்றதற்கான பத்திரம் எங்கே? வாங்கியவருக்கு இன்னும் உரிமை உண்டா? விளக்கம் வரும்வரை விசா இல்லை.

"நல்லா அடிச்ச போ. என்னைக் கோழிக்குஞ்சு மாதிரி வித்துட்ட" என்றாள் தவிட்டம்மாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கல்யாணமான பத்தாம் நாள் விமானம் ஏறிய கணவரை அவள் பார்த்து அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

நான் கெடுத்ததை நானே சரிசெய்வது என்று தீர்மானித்தேன். புதுப் பட்டியல் போட்டேன். பள்ளிப் பதிவு, மருத்துவச்சியின் சாட்சி, சடங்கைப் பற்றி ஒரு பக்க விளக்கம். நாலாவது, கதீஜா பீயின் வாக்குமூலம். அவர் கணவர் இறந்துவிட்டதால் கதீஜா பீதான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"என்னான்னு எழுதணும்?"

"நீங்க அவளைப் பெறல, தத்தும் எடுக்கல, உங்களுக்கும் அவளுக்கும் எந்த உறவும் இல்லன்னு."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ஒவ்வொரு பெருநாளுக்கும் அவளுக்குப் பாவாடை தைத்துப் போட்டவர் அவர். அவள் கல்யாண ரவிக்கையும் அந்த மெஷினில் தைத்ததுதான்.

"அந்தத் தவுட்ட எங்க ஆடு தின்னுட்ச்சு, திருப்பித் தர முடியாதுன்னு அதையும் எழுதிக்கோமா" என்றார். பிறகு கட்டைவிரலை நீட்டினார். "எல்லாத்தையும் எழுது. அவ புருசங்கிட்ட போய்ச் சேரட்டும். ஆனா இத்த அவகிட்ட மட்டும் படிச்சிக் காட்டாத."

காட்டவில்லை. அடித்த மூன்று படியிலும் கதீஜா பீயின் கைரேகை வாங்கி, உறையை ஒட்டி நானே அனுப்பினேன். விசா வந்தது. பஸ் நிலையத்தில் கதீஜா பீ அவளுக்குப் பிஸ்கெட் பொட்டலம் கொடுத்து, "சோத்தாங்கைப் பக்கமா வண்டி ஓட்டுவாங்களாமே அங்க, ரோட்ட பாத்து தாண்டு" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் எனக்கு டெட்ராய்ட்டிலிருந்தும் ஹூஸ்டனிலிருந்தும் காகிதங்கள் வந்தன. 'சடங்குகளுக்குத் தனி விளக்கம் எழுதலாம்' என்று மேசைப் பட்டியலில் ஒரு வரி கூடியிருந்தது. சில வருடம் கழித்து காகிதங்கள் வருவது குறைந்தது. காரணம் தவிட்டம்மாளே எழுதினாள்: சிகாகோவில் தமிழ்க் குடும்பங்கள் பெருகிவிட்டன, சாப்பாட்டு மேசையிலேயே அவள் மொழிபெயர்ப்பு வேலை தொடங்கிவிட்டாள். மாதிரிக்கு என் பழைய படிகளையெல்லாம் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாள்.

எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு அனுப்பினேன், ஒன்றைத் தவிர. வரிசையில் அந்த எண் விடுபட்டிருப்பதை அவள் கவனித்திருப்பாள். கேட்கவில்லை.

தட்டெழுத்து நிலையம் போய்விட்டது. கதீஜா பீயும் இல்லை. அவர் வீடு இருந்த இடத்தில் பட்டுக் கடைக்கு வருபவர்கள் கார் நிறுத்துகிறார்கள். குழந்தையைத் தவிட்டுக்குக் கொடுக்கும் நிலைமையும் போயிற்று. அது போனது நல்லது. அனுப்பாமல் வைத்திருந்த அந்தப் படியை நேற்று எடுத்துப் பார்த்தேன். கார்பன் எழுத்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. 'எந்த உறவும் இல்லை' என்ற வரியைப் படிக்கவே முடியவில்லை. கட்டைவிரல் ரேகை மட்டும் அப்படியே இருக்கிறது.