வலது மூலையில் ஒரு படகு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து என் மனைவி ரீவிக்கு முன்னால் இருந்தாள். வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டின் முன்னறை சின்னது, ரீவியோ பெரியது. லீவில் வந்த மகன் வாங்கி மாட்டிவிட்டுப் போனது. ஏதோ சமையல் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. வலது மேல் மூலையில் சனலின் சின்னம். இடது மூலையில் அதே சனலின் பிறந்தநாளுக்கென்று இன்னொரு சின்னம். கீழே ஓடுகிற செய்தி. அதற்கும் மேலே அடுத்த நாடகத்தின் கதாநாயகி இடுப்பில் கைவைத்தபடி திடீரென்று எழும்பி நின்றாள். ஒரு மணித்தியாலமாகக் காத்திருந்து கறியைச் சட்டியோடு காட்டிய அந்த நேரம், சட்டி இருந்த இடத்தில் அவள்தான் நின்றாள்.

“இஞ்சேருங்கோ, இந்தச் சனியனுகளை எடுக்க ஏலாதோ? முதன்முதல் இதைக் கொண்டுவந்து ஒட்டினவன் மட்டும் என்ட கையில கிடைச்சானெண்டால்...” என்றாள்.

நான் எழுந்து பிளேன்ரீ போடப் போய்விட்டேன். கேட்காமலே தேநீர் போடுகிற புருஷன் ஏதோ குற்றம் செய்தவன் என்று இத்தனை வருஷத்தில் அவள் கண்டுபிடித்திருக்க வேண்டும். முதன்முதல் ஒட்டியவன் நானில்லை. ஆனால் ஒட்டியவர்களில் நானும் ஒருவன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

சாயம் கொதிக்கிற மணம் மூக்கில் ஏறினால் எனக்கு இரத்மலானைதான் நினைவுக்கு வரும். இளவயதில் அங்கே ஒரு தனியார் தொலைக்காட்சி நிலையத்தில் வேலை செய்தேன். அந்த நிலையம் இப்போது இல்லை. ஒளிபரப்பு அறையில் ஏசி குளிர் பல்லைக் கிட்டவைக்கும். குளிர் இயந்திரங்களுக்காக, எங்களுக்காக அல்ல. அதனால் நாள் முழுவதும் இஞ்சி போட்ட பிளேன்ரீ வந்துகொண்டே இருக்கும். சூடேறிய தூசு மணமும் வீடியோ ரேப் பெட்டிகளின் பிளாஸ்டிக் மணமும் அந்த இஞ்சியோடு சேர்ந்துகொள்ளும். வேலை கிடைத்த புதிதில் கழுத்தில் தொங்கும் நிலைய அடையாள அட்டையைக் கழற்றாமல் காலி வீதி பஸ்ஸில் வருவேன். “ஓ, ரீவியிலயா வேலை?” என்று யாராவது கேட்பார்கள் என்ற நப்பாசை. கொண்டக்டர்கூடக் கேட்டதில்லை.

முதலில் எங்கள் சின்னம் நிகழ்ச்சிகளுக்கு இடையில் மட்டும்தான் வரும். ஒரு பாய்மரப் படகு, அதன்கீழ் மூன்று எழுத்து. பிறகு வீடியோ கடைகள் எங்கள் நாடகங்களைப் பதிவுசெய்து வாடகைக்கு விடத் தொடங்கின. எங்கள் மேலதிகாரி ஒரு சிங்களவர், நல்ல மனிதர், ஆனால் தன் பொருளை யாரும் தொட்டால் தலை வெடித்துவிடும். படகு திரையை விட்டு இறங்கவே கூடாது என்றார். வலது மேல் மூலையில் மெல்லிய நிழலாக, பின்னால் இருப்பது தெரியும்படி வைத்தேன். அதுவும் போதவில்லை.

“மல்லி, ஓக்க லொக்கு கரன்ன” என்றார். தம்பி, அதைப் பெரிதாக்கு.

பெரிதாக்கினேன். பின்னால் எதுவும் தெரியாதபடி கெட்டியாக்கினேன். அவர் கேட்காமலே சுற்றிவரப் பொன்னிறக் கரையும் போட்டேன். அந்தக் கரை முழுக்க முழுக்க என் கலை உள்ளத்தின் வேலை. வேறு யாரையும் குறைசொல்ல முடியாது.

சனங்கள் சும்மா இருப்பார்களா? தொலைபேசி என் மேசையில்தான் இருந்தது. பந்து எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை என்று ஒருவர். தன் மாமியார் துணி நனைத்து வந்து திரையைத் துடைத்துப் பார்த்தாராம் என்று ஒருவர். படகை எப்போது கரைக்கு இழுப்பீர்கள் என்று நுகேகொடையிலிருந்து ஒரு பெரியவர் கிழமைக்கொருமுறை எடுப்பார். எல்லாருக்கும் என்னிடம் ஒரே பதில்தான். “அது கொம்பனி முடிவு, எங்கட கையில இல்ல.”

அது பச்சைப்பொய். என் வலது கைக்குப் பக்கத்திலேயே லீவர் மாதிரி ஒரு சின்ன நெம்பு இருந்தது. கீழே இழுத்தால் படகு போய்விடும், மேலே தள்ளினால் வந்துவிடும். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் நான் அதை இழுத்துக்கொண்டுதான் இருந்தேன். விளம்பரம் தருகிறவர்கள் தங்கள் சவர்க்காரத்தின்மேல் இன்னொருவன் படகு நிற்பதை விடுவார்களா? எங்கள் திரையில் சவர்க்காரத்துக்கும் பற்பசைக்கும்தான் துப்புரவான முகம் கிடைத்தது.

ஒரு வருஷம் நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மாதா கோவில் பாடகர் குழுவைக் கூப்பிட்டுக் கீதங்கள் ஒளிப்பதிவு செய்தோம். முப்பது பிள்ளைகள், மூன்று வரிசை. இரண்டு கமராவில் ஒன்று மக்கர் பண்ணியதால், மற்றதைத் தூரத்தில் நிறுத்தி எல்லாரும் தெரிகிற ஒரே காட்சியாக எடுத்தோம். மேல் வரிசையின் வலது கடைசியில் ஒரு பிள்ளை. வயதுக்கு மீறிய உயரம், அதனால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். பெயர் ஜெசிந்தா. எடுத்து முடித்ததும் கட்டுப்பாட்டு அறைக்கே வந்துவிட்டாள்.

“அண்ணா, நான் படத்தில விழுந்திருக்கிறனா? ஓரத்தில நிண்டா விழமாட்டாய் எண்டு இவையள் பகிடி பண்ணுதுகள்.”

ரேப்பைத் திருப்பிப் போட்டுக் காட்டினேன். ஒளிப்பதிவு ரேப்பில் படகு இருக்காது. ஒளிபரப்பும்போதுதான் அது மேலே ஏறும். தன் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “வடிவா விழுந்திருக்கிறன், என்னண்ணா?” என்றாள். ஓம் என்றேன்.

நத்தாருக்கு முதல்நாள் பின்னேரம் நிகழ்ச்சி போனது. முதல் கீதம் தொடங்கியதும் கண்டுவிட்டேன். படகு சரியாக அவள் முகத்தில் நின்றது. கழுத்துக்குக் கீழே வெள்ளைச் சட்டையும் பாட்டுப் புத்தகம் பிடித்த இரண்டு கையும் மட்டும் தெரிந்தன. என் கை நெம்பில்தான் இருந்தது. இழுத்திருக்கலாம். முந்திய மாதம் ஒரு தேர்த்திருவிழாவில் சுவாமியின் முகம் மறைகிறதே என்று இழுத்ததற்கு, மேலதிகாரி வீட்டிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். இன்றைக்கும் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். சுவாமிக்கே இறங்கக் கூடாத படகு, ஒரு பிள்ளைக்காகவா என்று நினைத்தேன். அரை மணித்தியாலம், எட்டுக் கீதம். இடையில் சவர்க்காரம் வந்தபோது மட்டும் இழுத்தேன்.

நத்தாருக்கு மறுநாள் ஒரு அழைப்பு. பேசியவர் சூசைதாசன், துறைமுகத்தில் கிளார்க், ஜெசிந்தாவின் தகப்பன். குரலில் கோபமே இல்லை. அது எனக்குப் பழக்கமில்லாத விஷயம்.

“தம்பி, எங்கட ஒழுங்கைச் சனம் முழுக்க எங்கட வீட்டுக்குள்ள இருந்து பார்த்தது. பிள்ளையின்ட முகத்திலயே உங்கட மார்க் நிண்டிட்டுது. நாங்க கசெட்டில எடுத்ததிலயும் அப்பிடித்தான். பிள்ளை சாப்பிடாமப் படுத்திட்டா. மார்க் இல்லாத கொப்பி ஒண்டு எடுக்க வழியிருக்கா?”

இருக்கிறது, மூல ரேப்பில் மார்க்கே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். வெறும் கசெட் ஒன்றோடு அடுத்த கிழமை வரச்சொன்னேன்.

வந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி, லீவு போட்டுக்கொண்டு, கசெட்டை ஒரு சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு வந்தார். நான் அன்று கன்ரீனில் கரம் போர்ட் விளையாடிக்கொண்டிருந்தேன். இயந்திரம் வேலையில் இருக்கிறது, அடுத்த கிழமை வாங்கோ என்று சொல்லியனுப்பினேன். அடுத்த கிழமையும் வந்தார். அன்றைக்கு என்ன சாட்டுச் சொன்னேனென்று நினைவில்லை. மூன்றாவது முறை, “உங்களுக்கு எப்ப வசதியோ அப்ப எடுத்து வையுங்கோ தம்பி” என்று கசெட்டை என் கையில் தந்துவிட்டுப் போனார். அதன்மேல் ஜெசிந்தா என்று அவளே நீல மையால் எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டிருந்தாள். பத்து நிமிஷ வேலை. மேசை லாச்சிக்குள் வைத்து மூடினேன்.

எங்களிடம் ரேப்புகள் தட்டுப்பாடு. ஒளிபரப்பி முடிந்ததை அழித்து, அதிலேயே அடுத்ததை எடுப்போம். வைத்திருக்க வேண்டிய ரேப்பின் முதுகில் சிவப்பு நாடா ஒட்ட வேண்டும். ஒட்டாதது அழியும். ஒட்டுவது என் பொறுப்பு. நாடா என் மேசையிலேயேதான் கிடந்தது. ஒரு நாள், இன்றைக்கு முடித்துவிடுவோம் என்று நல்ல பிள்ளையாகக் கசெட்டையும் எடுத்துக்கொண்டு போய் அந்த ரேப்பைப் போட்டேன். கிரிக்கெட் ஓடியது. கடைசிவரை சுற்றிப் பார்த்தேன். கிரிக்கெட்தான்.

அவர் கூப்பிட்டபோதெல்லாம் “தேடுறம்” என்றேன். பிறகு அவர் கூப்பிடவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது, ஆனால் உண்மையில் நிம்மதியாகத்தான் இருந்தது.

மழைக்காலம் முடிகிற நேரம் ஒரு காலை, வரவேற்பில் யாரோ இருக்கிறார் என்றார்கள். சூசைதாசன். கையில் கறுப்புப் பட்டி. பிள்ளைக்கு டெங்கு என்றார். ஐந்து நாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பிந்திவிட்டதாம்.

“படங்கள் இருக்குத் தம்பி. அதில எல்லாம் சும்மா நிக்கிறா. பாடுற முகம் உங்கட ரேப்பில மட்டும்தான் இருக்கு.”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான்தான் நாடா ஒட்டவில்லை, நான்தான் நெம்பை இழுக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். “ரேப்பில பூஞ்சணம் பிடிச்சிட்டுது ஐயா, ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு” என்றேன். என் வாயிலிருந்து அது அவ்வளவு லேசாக வந்தது. அவர் என் தோளில் கைவைத்தார்.

“பரவாயில்லத் தம்பி. நீங்க என்ன செய்வீங்க. எங்களுக்காக எவ்வளவு தேடியிருப்பீங்க.”

லாச்சியிலிருந்த கசெட்டை வெறுமையாகவே எடுத்துக் கொடுத்தேன். அந்த நீல எழுத்தைப் பார்த்தவர், சட்டைப் பைக்குள் கொள்ளாத அதைச் சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தார். பிறகு கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

பல வருஷம் கழித்து, நிலையத்தை விட்டு விலகிக் கலியாணமும் முடிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை துணிந்து கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சொல்லிவிடுவதென்று. வீட்டைக் கண்டுபிடித்தேன், கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, அவரும் போன வருஷம் செத்துப் போயிட்டார், மனைவி தங்கச்சியோட இத்தாலிக்குப் போயிட்டா என்றார். அவரை எப்படித் தெரியுமென்று கேட்டார். நான் முன்பு வேலை செய்த நிலையத்தின் பெயரைச் சொன்னேன்.

“ஐயோ, அந்தப் படகு ரீவியா? உங்களைப் பற்றி நல்லாச் சொல்லுவார். நத்தார் எண்டால், அண்டைக்கு ரீவியில இருந்து வீட்டில எடுத்த கசெட்டைப் போடுவார் தம்பி. போட்டிட்டு எங்கட பிள்ளைகளைக் கூப்பிட்டு, படகைத் தொட்டுக் காட்டுவார். ‘இதுக்குப் பின்னால என்ட மகள் நிண்டு பாடுறா’ எண்டு.”

நான் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் திரும்பிவிட்டேன்.

இப்போது அந்த ஒழுங்கையில் அந்த வீடு இல்லை, தொடர்மாடி நிற்கிறது. வீடியோ கடைகள் போய்விட்டன, கசெட் போடுகிற பெட்டிகள் போய்விட்டன. நிலையம் கைமாறி, பெயர்மாறி, கடைசியில் இல்லாமலே போனது. மனைவிக்கு இன்றுவரை சொல்லவில்லை. தேநீரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் இருந்தேன். படகு இல்லாமல் அந்தப் பிள்ளை பாடுவதைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன், நிகழ்ச்சியைத் தயாரித்த நாட்களில் எத்தனையோ தரம் பார்த்தவன். கண்ணை மூடி அவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை வந்தது. புத்தகம் பிடித்த கைகள் வந்தன. அதற்கு மேலே படகுதான் வந்தது, நான் போட்ட பொன்னிறக் கரையோடு.