கோச்சடை ஆற்றுமணலில் வந்த எச்சரிக்கை

போன நவம்பரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக மதுரை போயிருந்தேன். திரும்புவதற்கு ரயில் மறுநாள் இரவுதான். பகல் முழுக்கச் சும்மா இருப்பானேன் என்று, பறவை பார்க்கக் கோச்சடையிலிருந்து துவரிமான் வரை வைகைக்குள் நடக்கக் கிளம்பினேன். ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். அரப்பாளையத்திலிருந்து ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். காலை 9.40க்கு ஆற்றில் இறங்கியபோது கணுக்கால் அளவுதான் தண்ணீர். மற்றதெல்லாம் நாணலும் மணல்திட்டும். வெயில் சுள்ளென்று அடித்தது.

10.25க்கு என் போன் சைரன் மாதிரி அலறியது. திரையில் அரசின் எச்சரிக்கை: ‘வைகையில் நீர் திறப்பு. கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்.’ சில வாரங்களுக்கு முன் இதே சத்தத்தோடு வந்தது வெறும் சோதனைச் செய்தி. எதுவும் செய்ய வேண்டாம் என்று அதில் இருந்தது. இது சோதனையா, நிஜமா?

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பேச்சியம்மாளிடம் காட்டினேன். அவருடைய பட்டன் போனுக்கு எதுவும் வரவில்லை.

“எப்ப வருமாம் தம்பி?”

“போடலக்கா.”

“எம்புட்டுத் தண்ணி?”

“அதுவும் இல்ல.”

“அப்ப என்னத்தத்தான் சொல்லுது?”

எனக்கும் அதே கேள்விதான். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகவே பேசினார். காலையில் வைகை அணையைத் திறந்திருக்கிறார்கள், மதுரைக்கு வர சாயங்காலம் ஆகும். ஆனால் மேற்கே மழை பெய்து ஓடைத்தண்ணீர் சேர்ந்தால் நேரம் சொல்ல முடியாது. கேட்ட பிறகு குழப்பம் இன்னும் கூடியது.

பேச்சியம்மாளின் கணவர் தவசி, பாதி ஆடுகளோடு நடு ஆற்றுத் திட்டில் இருந்தார். பேச்சியம்மாள் கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. பேச்சியம்மாள் கையசைக்க, சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று நினைத்து அவரும் கையசைத்தார். நான்தான் தண்ணீரைத் தாண்டிப் போனேன். பயமாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

“இம்புட்டு வெயிலடிக்குது, எந்தத் தண்ணி தம்பி வருது?”

“தெரியலண்ணே. வந்துட்டா என்ன செய்வீங்க?”

மேற்கே ஒரு தடவை பார்த்தார். பிறகு ஆடுகளைக் கரைப்பக்கம் ஓட்டினார். எல்லாம் கரையேற 11.30 ஆகிவிட்டது. ஒன்றும் வரவில்லை. ஒரு மேய்ச்சலைக் கெடுத்துவிட்டோமே என்று எனக்குக் கூச்சம். பேச்சியம்மாளும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

11.50க்கு நாணலுக்குள் சலசலப்புக் கேட்டது. செம்மண் நிறத்தில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. கால்மணி நேரத்தில் தவசி நின்ற திட்டே தெரியவில்லை. அவர் விட்டுவந்த தூக்குவாளியும் துண்டும் போய்விட்டன. பேச்சியம்மாள் ஆடுகளை இரண்டு தடவை எண்ணினார்.

தவசி என்னிடம் கேட்டார்: “உங்க போன்ல வந்தது இந்தத் தண்ணியா தம்பி, இல்ல அது இனிமேதான் வருதா?”

எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

வைகைக்குள் நடக்கப் போகிறவர்கள், அணை திறக்கிறார்களா என்று முதல்நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். போன் அலறினால் வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பட்டன் போனோடு பக்கத்தில் யார் இருந்தாலும் கூட்டிக்கொண்டு முதலில் கரையேறுங்கள். சோதனையா நிஜமா என்பதை மேலே நின்று படித்துக்கொள்ளலாம்.