முகவாய்க்கு ஒரு குற்றவாளி

பிறந்த குழந்தையின் முகத்தைக் கடவுள் பாதிதான் செய்து அனுப்புகிறார், மீதியைக் குளிப்பாட்டும் கை முடித்து வைக்கிறது என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். எண்ணெய் தேய்த்து, கால்களில் கிடத்தி, மூக்கை நீவி, முகவாயைக் கிள்ளிக் கிள்ளி உருட்டினால் அது எலுமிச்சம்பழம்போல் நிற்குமாம். என்னையும் தங்கையையும் அப்படி உருட்டியவர் அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா.

என் முகவாய் உருண்டையாக அமைந்தது. அதற்குக் காரணம், அம்மா கர்ப்பத்தில் குடித்த குங்குமப்பூப் பால். தங்கைக்கு முகமும் முகவாயும் மெலிந்து நீண்டன. அதற்குக் காரணம் பெரியம்மா. தீர்ப்பு அப்படித்தான், மேல்முறையீடு கிடையாது.

ஆங் மோ கியோ வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிற்கு அடுத்த புளோக்கில் தனியாக இருந்த பெரியம்மா, இதைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். "பாருங்க, எங்கக்கா இழுத்துவிட்ட தாவாங்கட்டை" என்று விருந்தினரிடம் அம்மா தங்கையைக் காட்டினால், "நான் பிடிச்சுவிட்டப்ப நல்லாத்தான் இருந்துச்சு லா. அப்புறம் நீ என்ன பண்ணுனியோ!" என்பார்.

என் மகள் பிறந்ததும் விளையாட்டு நின்றுபோயிற்று. தேக்காச் சந்தையில் வாங்கிய நல்லெண்ணெயோடும், மடித்த பழைய புடவையோடும் பெரியம்மா வந்து நின்றார்.

"நீ தொடாதக்கா. ஒண்ணு கெட்டது போதும்" என்றார் அம்மா.

பெரியம்மா எண்ணெயை மேசைமேல் வைத்தார். "சரிடி. தண்ணி ரொம்பச் சூடா வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனவர், அதன்பின் வரவில்லை. பிள்ளை பெறாத அவர் கைகளுக்கு எங்கள் வீட்டுக் குழந்தைகளைத் தவிர வேறு குழந்தைகள் வாய்த்ததில்லை. அம்மா முழங்கால் வலியோடு தானே குளிப்பாட்டினார்.

சில வாரங்கள் கழித்து, பற்களுக்குக் கம்பி போட விரும்பிய தங்கையுடன் ஜாலான் புசார் சாலையில் ஒரு பல் மருத்துவரின் மருந்தகத்துக்குப் போனோம். கீழே இரும்புச் சாமான் கடை, மேலே மருந்தகம். அம்மா உடன் வந்தது துணைக்கு அல்ல, சாட்சி சொல்ல. தங்கையின் பக்கவாட்டு எக்ஸ்ரே திரையில் தெரிந்ததுமே தொடங்கிவிட்டார்.

"டாக்டர், இது சின்னதுல எங்கக்கா பிடிச்சு இழுத்தது."

மருத்துவர் எங்கள் ஊர்த் தமிழ்ப் பெண். "ஆன்ட்டி, எலும்பக் கையால இழுக்க முடியாது. முகம் உயரவாக்குல கூடுதலா வளர்ந்தா, பெரும்பாலும் முகவாய் எலும்பும் உயரமா, ஒல்லியா இருக்கும். முகம் குட்டையா வளர்றவங்களுக்கு அது குட்டையா, தடிப்பா இருக்கும். உங்க மூத்த பொண்ணு மாதிரி."

குங்குமப்பூப் பாலின் புகழ் அந்த ஒரு வாக்கியத்தில் திரிந்துபோயிற்று. நான் மடியிலிருந்த மகளின் முகவாயைப் பார்த்துக்கொண்டேன்.

"இதெல்லாம் வளர்ற வயசு முழுக்க நடக்கிறது. சின்ன வயசு போட்டோ இருக்கா?"

அம்மாவின் கைப்பையில் இருந்தது. தொடக்கநிலை ஒன்றாம் வகுப்பின் முதல் நாள், சீருடையில் தங்கை. முகம் உளுந்து வடைபோல் வட்டம். பெரியம்மா அவளைக் குளிப்பாட்டுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. மருத்துவர் படத்தையும் திரையையும் மாறி மாறிக் காட்டினார்.

அம்மா நெடுநேரம் பார்த்தார். ஆனாலும், குற்றவாளிக் கூண்டைக் காலியாக விடும் வழக்கம் அவருக்கு இல்லை.

"அப்ப இது இவங்கப்பா வீட்டு எலும்பு."

"பாவம்மா அப்பா" என்றாள் தங்கை. வீட்டில் மாலையிட்ட படத்துக்குள் இருந்த அப்பா மறுப்புச் சொல்லும் நிலையில் இல்லை.

திரும்பும் வழியில் பேருந்திலிருந்தே அம்மா பெரியம்மாவைத் தொலைபேசியில் அழைத்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் அகராதியில் இல்லாததால், வேறு சொற்களால் சமாளித்தார்.

"அக்கா, எனக்கு முட்டி வலிக்குது. புள்ளயக் குளிப்பாட்ட ஆளில்ல. வர்றியா, இல்லியா?"

மறுநாள் காலை பெரியம்மா வந்து, கால்களை நீட்டி அமர்ந்து, என் மகளைக் கிடத்தினார். நெற்றியை நீவினார், மூக்கை நீவினார். முகவாய்க்கு வந்ததும் கை நின்றது. நிமிர்ந்து தன் தங்கையை, என் அம்மாவைப் பார்த்தார்.

அம்மா துண்டைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார். "கிள்ளுக்கா. ஒண்ணும் ஆகாதாம்."

இப்போது அம்மாவின் படமும் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள்; அவள் முகம் சத்தமில்லாமல் நீண்டுகொண்டு வருகிறது. யார் செய்த வேலை என்று கேட்க இந்த முறை ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தலைக்கு எண்ணெய் வைக்கப் பெரியம்மா வருகிறார். எங்கள் மூத்தவர்களில் அவர் மட்டும் இருக்கிறார்.