கோல்கீப்பரின் மாமனார்

லிஃப்ட்காரருக்குச் சோறு போட்டது லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. பேர் வாங்கிக் கொடுத்தது வாய். ஊர்க் கால்பந்து மைதானத்தின் கிழக்குப் படிகளில் உட்காரும் கூட்டத்துக்குப் பாட்டுக் கட்டிக் கொடுப்பவர் அவர்தான். எல்லாம் நக்கல் பாட்டு. அதுவும் சொந்த அணியையே நக்கலடிக்கும் பாட்டு. எதிரணியைத் திட்ட எந்த மடையனாலும் முடியும் என்பது அவர் கட்சி.

மெட்டுகள் அத்தனையும் அறுபதுகளின் பாப் பாட்டுகள். ரசனையெல்லாம் ஒன்றுமில்லை. மைதானத்து ஒலிபெருக்கிக்காரரிடம் இருந்ததே ஒரு பெட்டி இசைத்தட்டுதான். தலைமுடி கண்ணை மறைக்கும் பையன்கள் கிதாரோடு உருகி உருகிப் பாடியவை. புதுசு ஏதாவது போடச் சொன்னால், "அதுக்கப்புறம் எவன் பாடினான்?" என்று மைக்கிலேயே கேட்பார். இடைவேளைக்கு இடைவேளை அதையே கேட்டதில், கூட்டத்தில் இருப்பவர்களுக்குப் பெற்ற பிள்ளையின் பேர் மறந்தாலும் அந்த வரிகள் மறக்காது. 'பாசம் காட்ட ஆளில்லை' என்று ஒருவன் அழுத பாட்டு, யாருமே பந்தைத் தள்ளிவிடாத முன்கள ஆட்டக்காரனுக்கு 'பாஸு போட ஆளில்லை' ஆனது. 'கண்ணைத் திற, காதலி' நடுவருக்குப் போனது. அதில் ஒரு சொல்லை மாற்றினால் போதுமாயிருந்தது.

வரிகளை அவர் கட்டுவது லிஃப்ட் குழியில். பெட்டியை மேலே நிறுத்திவிட்டு, முழங்கை வரை கிரீஸோடு கீழே நின்று பாடிப் பார்ப்பார். எட்டு மாடிக்கும் ஏறி நன்றாக எதிரொலித்தால், படிகளிலும் எடுபடும் என்று அர்த்தம். மேல்மாடியில் லிஃப்டுக்காகக் காத்திருந்தவர்கள் பயந்து படியில் இறங்கிப் போனதும் உண்டு.

கிழக்குப் படிகளுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஊளையிடக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, பாட்டு மட்டும்தான். அந்தப் பாட்டையும் கட்டியவர் எழுந்து முதலடி எடுத்தால்தான் மற்றவர்கள் தொடரலாம். அவர் எழவில்லை என்றால் அன்றைக்கு அந்தப் பாட்டு இல்லை.

புதுக் கோல்கீப்பர் ஒருவன் வந்து சேர்ந்தான். நல்ல உயரம். பிடிக்கவே முடியாத பந்தையெல்லாம் பாய்ந்து பிடிப்பான்; பச்சைக் குழந்தை உருட்டிவிடும் பந்தைக் கைக்கு நடுவே விட்டுவிடுவான். 'பிடிக்கும், பெண்ணே, பிடிக்கும், உன்னை மட்டும் பிடிக்கும்' என்ற பழைய காதல் பாட்டு அவனுக்கென்றே காத்திருந்தது. 'பிடிக்காது, கண்ணே, பிடிக்காது, பந்தை மட்டும் பிடிக்காது' என்று லிஃப்ட்காரர் திருப்பிப் போட்டார். மறுவாரமே அது பஸ்ஸில் ஏறிவிட்டது.

அப்போதுதான் மகள் ஒரு சாயங்காலம், விரலில் கட்டுப் போட்ட நெட்டை ஆள் ஒருவனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை.

"அப்பா, இவரை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

உள்ளே மனைவி பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். லிஃப்ட்காரர் ஏதாவது பேச வேண்டுமே என்று, "விரல்ல என்ன தம்பி?" என்றார்.

"பந்து பட்டுடுச்சு, சார்."

"பந்தா? பட்டிருக்காதே!"

வாய் முந்திக்கொண்டது. பையன் விழுந்து விழுந்து சிரித்தான். மகள் சிரிக்கவில்லை.

மறுநாள் முடிவெட்டப் போன இடத்தில் முடிதிருத்துபவரும் கத்தரியை நிறுத்திவிட்டு, "பந்தைத்தான் பிடிக்கல, மாமனார்ங்கிற பந்துவையாவது பிடிச்சுட்டானே" என்றார். பக்கத்து நாற்காலிக்காரர் சோப்பு நுரையோடு சிரித்தார்.

பையனின் அம்மாவுக்கு அந்தச் சிரிப்பெல்லாம் செல்லாது. தபால் அலுவலகத்தில் பார்சல் எடை போடுபவர். பேச்சையும் எடை போட்டுத்தான் வைப்பார். வந்தார், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"என் பையனை ஊரே பாடுது. பஸ்ல எனக்குப் பின்னாடி உட்கார்ந்தே பாடுறாங்க. பாட்டைக் கட்டினவர் வீட்டுலயே நான் பொண்ணு எடுக்கணுமா? அந்தப் பாட்டு நிக்கட்டும். அடுத்த ஆட்டத்துக்கு நானே வந்து பார்க்கிறேன். அப்புறம் கல்யாணம் பேசுவோம்."

சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. கண் மட்டும் கலங்கிவிட்டது. லிஃப்ட்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. கோலுக்கு முன்னால் நிற்பவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள் என்பது குழிக்குள் நின்று பாடியபோது அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஒரே ஒரு வாய், அப்பா. அதை மூட முடியாதா?" என்றாள் மகள்.

மூடுகிறேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னார்.

ஆட்டத்தன்று படிகளில் மகள் நடுவில், சம்பந்தியாக வேண்டியவர் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு சொத்தைப் பந்து உருண்டு வந்தது. கைக்கு நடுவே போய்விட்டது. கிழக்குப் படிகள் மொத்தமும் லிஃப்ட்காரரைத் திரும்பிப் பார்த்தன. அவர் குனிந்து செருப்பைப் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பையன் வலையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு படிகளைப் பார்த்தான். காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை என்றதும் முகம் செத்துவிட்டது. அடுத்து உதைத்த பந்தை நேராக எதிரணிக்காரன் காலிலேயே கொண்டுபோய் வைத்தான். அதுவும் கோல்.

நடுமாடியில் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், திட்டினால்கூடப் போதும். குரல் நின்றால்தான் உள்ளே இருப்பவர்கள் கதவை அடிக்க ஆரம்பிப்பார்கள். அதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கற்றுக்கொண்ட லிஃப்ட்காரர், இங்கே பையனை உள்ளே விட்டுவிட்டு வாயைப் பொத்தி உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சுக்கோம்மா" என்று எழுந்தார்.

"அப்பா, உட்காருங்க! எல்லாம் போச்சு!"

முதலடி எடுத்தார். மீதியைப் படிகள் எழுந்து நின்று வாங்கிக்கொண்டன. பையன் திரும்பினான். காதில் கையை வைத்து, கேட்கவில்லையே என்று காட்டினான். கூட்டம் தொண்டை கிழியக் கத்தியது. அவன் இரண்டு கையையும் வீசித் தாளம் போட்டான், சிரித்துக்கொண்டே.

லிஃப்ட்காரர் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் திரும்பும் தைரியம் வரவில்லை. கல்யாணத்தைத் தன் வாயாலேயே கெடுத்தாயிற்று.

பையனின் அம்மா தாளம் போடும் மகனைப் பார்த்தார்.

"குளிக்கும்போது இதைத்தான் பாடுவான்" என்றார். "கதவைத் தட்டி நிறுத்தச் சொல்றது நான்தான்."

அப்புறம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அடுத்த கோலுக்கு நானும் எழுந்து பாடலாமா? இல்ல, அதுக்கும் ஏதாவது சட்டம் வச்சிருக்கீங்களா, சம்பந்தி?"

லிஃப்ட்காரர் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"பாடுங்க, அத்தை. அடுத்த கோல் கண்டிப்பா வரும், கவலையே படாதீங்க."