கவர்னர் பஸ் சுற்றிப் போகும் வழி

இங்கே கவர்னரும் ஓட்டு வாங்கித்தான் பதவிக்கு வரவேண்டும். எங்கள் பழுதடைந்த ஓடைப் பாலத்தைத் திரும்பக் கட்டித் தருகிறேன் என்று சொல்லித்தான் கவர்னர் போன தேர்தலில் ஓட்டு வாங்கினார். பாலம் இன்னும் மூடியே கிடக்கிறது. வருஷக்கணக்காக நான் புலம்பிக்கொண்டே இருக்கிறேன். பால் லாரி ஓட்டும் பக்கத்து வீட்டு ஆர்லீன் ட்வைட் என்னைப் போலப் புலம்பவில்லை. வீட்டு முன்னால் "பாலம் எங்கே?" என்று பலகை நட்டாள்.

இந்தத் தேர்தல் நெருங்கியதும் கவர்னரின் கட்சிக்காரன் வந்தான்.

"கருத்துக் கணிப்பெல்லாம் அவர் பக்கம்தாம்மா. எப்படியும் ஜெயிச்சிடுவார். பலகையை எடுத்துடுங்க."

"ஜெயிக்கட்டுமே. பாலம் இல்லாததால பிரச்சார பஸ்ஸும் இந்த வழியாத்தானே சுத்தணும்? படிச்சிட்டுப் போய் ஜெயிக்கச் சொல்லு."

பஸ் வரவிருந்த அன்று காலையில் அவளுக்கு மாரடைப்பு. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"காத்து பலமா அடிக்குது, ஆர்வில். பஸ் தாண்டுற வரைக்கும் பலகையை நிமித்திப் பிடிச்சிக்கிட்டு நில்லு."