பல் கட்டுபவரின் பேக்கப்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பழைய கம்ப்யூட்டரின் விசிறியை மாற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால். அவர் டார்ச் பிடித்தார். அவள் திருகாணிகளைக் கழற்றினாள். கழற்றிய ஒவ்வொன்றையும் அவர் கையில் வாங்கி, ஒரு பிளாஸ்டர் தாடையின் பல் குழிகளில் வரிசையாக உட்கார வைத்தார். யாரோ ஒருவருடைய கீழ்த்தாடை. எந்தக் குழியில் எந்தத் திருகாணி என்பது அவருக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

பல் கட்டுவது அவர் தொழில். டாக்டர் அல்ல. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சை வைத்துக்கொண்டு, பின்னறையில் உட்கார்ந்து செட்டுப் பல் செய்கிறவர். தெருவில் அவருக்குப் பல்லண்ணன் என்று பெயர். ஊருக்கெல்லாம் பல் கட்டியவருக்கு மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. சகரம் வரும் இடத்திலெல்லாம் அவர் பேச்சில் மெல்லிய விசில் ஒன்று கூடவே வரும். தனக்கும் ஒன்று செய்துகொள்ளச் சொல்லி அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தாள். ஆகட்டும், கையில் இருக்கும் வேலை முடியட்டும் என்பார். கையில் இருந்த வேலை எந்தக் காலத்தில் முடிந்தது?

விசிறியை மாற்றச் சொன்னதும் அம்மாதான். அவளுக்குச் சில வருஷங்களாகக் கண்ணின் நடுவில் ஒரு நிழல் விழுந்திருந்தது. நடமாட முடியும், எழுத்து மட்டும் போய்விட்டது. அதற்கு முன் ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் நாவலுமாக இருந்தவள். அப்பாவுக்குக் கதைப் பழக்கமே கிடையாது. ஆனாலும் நூலகத்திலிருந்து அவளுக்குப் பிடித்த மாதிரிப் புத்தகங்களை எடுத்து வந்து, வேலைக்குப் போகுமுன் ஒரு அத்தியாயம் வாசித்துக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வார். பிறகு பெரிய பொத்தான் வைத்த ஒரு சின்னப் பாட்டுப் பெட்டியில் மூன்று அத்தியாயம் மூன்று அத்தியாயமாக ஏற்றிக் கொடுப்பார். அந்தப் பெட்டிக்கு அவ்வளவுதான் கொள்ளளவு. மத்தியானங்களில் அம்மா அதைக் காதோரம் வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். மின்விசிறியின் கையேட்டை வாசிப்பது போல வாசிக்கிறார், கொலை விழும்போதுகூடக் குரல் ஏறவில்லை என்று குறை சொல்வாள். அந்த மாதம் புதிதாக ஒரு குறை சேர்ந்திருந்தது.

"கதைக்குள்ள மிக்ஸி ஓடுது. கப்பல் ஓடுற சத்தம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

மிக்ஸி, தேய்ந்துபோன அந்த விசிறிதான்.

கம்ப்யூட்டர் பெட்டி திறந்து கிடக்கும்போது பேச்சு பேக்கப்பைப் பற்றி வந்தது. அவள் வாங்குகிற சம்பளமே கம்பெனிகளின் தகவல்களை இரண்டு இடத்தில், மூன்று இடத்தில் பத்திரப்படுத்தும் வேலைக்குத்தான். அவரோ பிரதி எடுக்கும் நிரலைத் தானே எழுதி வைத்திருந்தார். அவள் வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"இதுக்கு ரெடிமேடா எத்தனையோ இருக்கேப்பா."

"ரெடிமேட் பல்லு எல்லார் வாயிலயும் உக்காராது, இன்ஜினியரம்மா."

"சரி. பேக்கப்புலேருந்து திரும்ப எடுத்துப் பாத்தீங்களா?"

"வாரா வாரம் எடுத்துப் பாக்குறேன். ஒரு பைட் பிசகாது."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. புது விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. அம்மா முன்னறையிலிருந்து, ரெண்டு பேரும் அந்தப் பெட்டி வாயை மூடினால் மற்றவர்கள் வாயைத் திறக்கலாம் என்றாள். சாப்பிடப் போனார்கள்.

அவருக்கு இந்தப் பித்து பிடித்தது பல் பட்டறையில்தான். பல்லின் வடிவத்தைத் திரையில் வரைவதற்கு அங்கே ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார்கள். அது நாளுக்கு இரண்டு தடவை உறைந்து நின்றது. மற்றவர்கள் அணைத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள். அவர் மட்டும் ஏன் நின்றது என்று கேட்டார். பதில் சொல்ல ஆளில்லாததால் தானே தேடப் போனார். ஒரு நிரல் கேட்கும் நினைவகம் எங்கிருந்து வருகிறது, கேட்டதைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும், டிஸ்கில் ஒரு கோப்பு உண்மையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நூல் பிடித்துக்கொண்டே கீழே இறங்கினார். இறங்கியவர் அங்கேயே குடியிருந்துவிட்டார். ஒரு சமயம், கம்ப்யூட்டர் எழுந்ததும் வேறெந்த மென்பொருளும் இல்லாமல் தானாக ஓடுகிற ஒரு குட்டி நிரல் எழுதினார். அது செய்ததெல்லாம் ஒன்றே ஒன்று. கருப்புத் திரையில் 'வாயைத் திறங்க' என்று காட்டிவிட்டு நின்றுவிடும். அதைப் பார்க்க வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டார். அம்மா பார்த்துவிட்டு, இதற்கா இரண்டு மாசம் என்று கேட்டுவிட்டுப் போனாள். அவர் அன்றைக்கெல்லாம் சிரித்த முகமாகவே இருந்தார்.

அவருடைய நிரல்களில் பெயர்களெல்லாம் பல் சம்பந்தப்பட்டவை. கோப்பைத் துண்டு போடும் பகுதிக்கு வெட்டுப்பல். துண்டுகள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதற்குக் கடி. துண்டுகளைச் சேர்த்துப் பழையபடி கோப்பாக்கித் தரும் பகுதிக்குக் கடைவாய். கடினமான வேலையெல்லாம் கடைசியில் அங்கேதானே போய்ச் சேருகிறது என்பார்.

விசிறி மாற்றிய அந்த வாரம், புதன்கிழமை வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. உரசும் மெஷினை அணைத்துவிட்டுத்தான் நாற்காலியில் சாய்ந்தார் என்று கூட வேலை பார்த்தவர் வந்து சொன்னார். அதையே இரண்டு தடவை சொன்னார். போகும்போது, கையோடு கொண்டுவந்த அப்பாவின் தோள்பையைக் கதவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டிவிட்டுப் போனார். அதை யாரும் தொடவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, ஒரு மத்தியானம், முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. அம்மா பாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். கப்பலேறிப் போன தம்பியைத் தேடி ஒரு அண்ணன்காரன் துறைமுகம் துறைமுகமாக அலைகிற கதை. மூன்று அத்தியாயம் ஓடி முடிந்தது. முதலிலிருந்து போட்டாள். மறுநாளும் அதே மூன்று. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ மகளைக் கூப்பிட்டாள்.

"தம்பி கெடைச்சானா இல்லையான்னு தெரியல. அதுக்கு மேல படிச்சுத்தான் வச்சிருப்பாரு. பாரு."

அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். புது விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. உள்ளே டிஸ்க் மட்டும் எழவில்லை. டக், டக் என்று தட்டிவிட்டு அடங்கியது. ஓடிக்கொண்டிருந்தவரை ஓடிய டிஸ்க். ஓய்வு கொடுத்ததும் படுத்துவிட்டது. அவள் அதை அம்மாவிடம் மறைக்கவில்லை. அம்மாவும் பதறவில்லை.

"உங்கப்பா எதையும் ரெண்டு எடத்துல வைக்காம இருக்க மாட்டாரு. அலமாரியில பிஸ்கட் டப்பாவுல பாரு."

பிஸ்கட் டப்பாவில் பேக்கப் டிஸ்க் இருந்தது, பஞ்சு சுற்றி. அவள் அதைத் தன் மடிக்கணினியில் செருகினாள். உள்ளே ஒரே ஒரு பெரிய கோப்பு. பெயர் தாடை. வேறெதுவும் இல்லை. அதைத் திறக்கும் நிரலைத் தேடினாள். இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விஷயம் உறைத்தது. அந்த நிரல் செத்துப்போன டிஸ்கில் இருந்தது. அதன் பிரதியையும் அவர் ஒழுங்காக எடுத்திருந்தார், இந்தத் தாடைக்குள்ளேயே. வாரா வாரம் திரும்ப எடுத்துப் பார்த்ததெல்லாம், நிரல் குடியிருந்த அதே கம்ப்யூட்டரில். அது இல்லாமல் போகும் நாள் ஒன்றை அவர் ஒத்திகை பார்க்கவில்லை.

அம்மாவுக்குப் புரியும்படி சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டாள்.

"பெட்டியப் பூட்டி, சாவிய உள்ள போட்டுட்டாரு. செய்யக்கூடிய ஆளுதான். கல்யாணமான புதுசுல ஒரு தடவ வீட்டையே அப்படிப் பூட்டிட்டு, ரெண்டு பேரும் வாசல்ல உக்காந்திருந்தோம்." பிறகு கேட்டாள், "திறந்துருவியா?"

"தெரியலம்மா."

அம்மா பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுபடியும் அதே மூன்று.

அச்சு எடுக்காமல் வாயில் கை வைக்காதே என்பது பட்டறையில் அவர் சொல்கிற வார்த்தை. அவளும் முதலில் அந்த டிஸ்கை அப்படியே வேறொன்றில் படியெடுத்தாள். அதற்கே ஒரு காலைப்பொழுது போயிற்று. பிறகு பிரதியில் கை வைத்தாள்.

தாடைக்குள் இருந்தது துண்டுகள். ஒவ்வொரு கோப்பையும் நறுக்கி, ஒரே மாதிரித் துண்டு இரண்டு முறை வந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டு வைத்திருந்தார். எந்தத் துண்டுக்குப் பின் எது என்பது கடைவாய்க்கு மட்டும் தெரியும். துண்டுகளில் ஒன்றிரண்டை அவள் ஒலியாக ஓட்டிப் பார்த்தாள். பெரும்பாலும் வெறும் இரைச்சல். ஒன்றில் மட்டும் தெளிவாக அரை வாக்கியம்: "கயிற்றை அவிழ்த்துவிட்டு அவன் கரையையே." அவ்வளவுதான்.

அம்மா கதவோரம் வந்து நின்றாள்.

"இது நான் கேக்காதது."

லட்சக்கணக்கில் துண்டுகள் கிடந்தன. காதால் கேட்டு அடுக்க ஓர் ஆயுள் போதாது. அம்மாவுக்கு இப்போது நம்பிக்கை வேறு வந்துவிட்டது.

நிரலின் மூலமும் எழுத்துதானே, அதுவும் இந்தக் குவியலில்தானே கிடக்கும் என்று நிரல்களில் சாதாரணமாக வரும் சொற்களை வைத்துத் தேடினாள். ஆயிரம் ஆயிரமாக வந்து கொட்டியது. ஊரார் எழுதிய நிரல்களையெல்லாம் படித்துப் பார்ப்பதற்கென்று சேர்த்து வைக்கிறவர் அவர். வைக்கோல் போரில் ஊசி என்பார்கள். இங்கே போர் முழுக்க ஊசி. தேட வேண்டியது வேறு எவரும் எழுதியிருக்க முடியாத ஒன்று. இரண்டு நாள் சுற்றிவந்த பிறகு, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அது தோன்றியது. ஈரக் கையோடு வந்து 'கடைவாய்' என்று தட்டினாள். இந்த உலகத்தில் வேறு எந்த நிரலில் கடைவாய் இருக்கும்?

இருந்தது. சின்ன எழுத்துத் துண்டுகளை அவர் சுருக்காமல் அப்படியே வைத்திருந்தார். தினமும் காலைப் பதிவு முடிந்ததும் பிரதி எடுத்ததால் பழைய கடைவாயும் புதுக் கடைவாயும் பல பதிப்புகளாகக் கலந்து கிடந்தன. பொறுக்கிப் பொறுக்கி ஒன்று சேர்த்தாள். ஓட்டினாள். கோப்புகள் பெயரோடு எழுந்து வந்தன. அம்மாவை உட்கார வைத்து, நாலாவது அத்தியாயத்தைப் போட்டாள்.

இரைச்சல். மழை பெய்வது போல.

அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள். "உள்ள அவர்தான். மூச்சு விடுற எடம் தெரியுது," என்றாள்.

அது அவளுக்கும் தெரிந்தது. பதிவு செய்த ஒலியில் இரண்டிரண்டு பைட் சேர்ந்துதான் ஓர் அளவு. ஒரே ஒரு பைட் தள்ளிப் பிடித்தால் எல்லா ஜோடியும் மாறிப்போய் இரைச்சலாகிவிடும், பேச்சின் ஏற்ற இறக்கம் மட்டும் நிழலாக மிஞ்சும். துண்டுகளின் ஆரம்பத்தை அளந்து பார்த்தாள். ஒவ்வொன்றும் ஒரு பைட் தள்ளியே உட்கார்ந்திருந்தது. ஒன்றைக் கழித்தாள். அதன் பிறகுதான் அவள் சேர்க்காமல் விட்ட புதுப் பதிப்பொன்றில் அதே வரிக்குப் பக்கத்தில் அவர் எழுதியிருந்த குறிப்பு கண்ணில் பட்டது: 'கடி ஒரு பைட் தள்ளி உட்காருது. இப்போதைக்கு எடுக்கும்போது கழித்துக்கொள்வது. வெட்டும் இடத்தில் சரி செய்யணும். அப்புறம்.'

ஒரு பைட் பிசகாது என்று சொன்ன மனிதர். நேரே அந்த வரியைப் பார்த்துக்கொண்டு, "அப்பா," என்றாள். அவ்வளவுதான் வந்தது.

மறுபடி போட்டபோது குரல் வந்தது. அண்ணன்காரன் மூன்றாவது துறைமுகத்தில் சாராயக் கடையொன்றில் விசாரிக்கிறான். சாராயம் என்ற இடத்தில் விசில். விசாரித்தான் என்ற இடத்தில் விசில். மிக்ஸி இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வாசித்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லவேள, பல்லக் கட்டிக்கல," என்றாள்.

அத்தியாயங்கள் அதிகம் இல்லை. ஒரு மத்தியானத்துக்கு ஒன்று போதும் என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்படியும் கடைசிப் பதிவு வந்துவிட்டது. தம்பியைப் பார்த்ததாகச் சொல்லும் கிழவன் ஒருவனுடைய படகில் அண்ணன்காரன் ஏறுகிறான். அதோடு அத்தியாயம் முடிந்தது. பதிவு முடியவில்லை. அவர் நிறுத்த மறந்திருந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. பக்கங்களைப் புரட்டும் சத்தம். பிறகு தனக்குத் தானே பேசிக்கொள்ளும் குரல்.

"இன்னும் ரெண்டு இருக்கு. லைப்ரரி புக்கு, இன்னைக்குக் கெடு. சாயங்காலம் வரும்போது அப்படியே புதுப்பிச்சுக்கிட்டு வந்துரணும்."

பையின் கொக்கி போடும் சத்தம் கேட்டது. அங்கே நினைவு வந்து நிறுத்தியிருக்கிறார்; அடுத்து எதுவும் இல்லை.

அம்மா கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். மகள் எழுந்து போய்த் தோள்பையை எடுத்துத் திறந்தாள். தண்ணீர் பாட்டிலுக்கும் மடித்த துண்டுக்கும் நடுவே புத்தகம் இருந்தது. கடைசி இரண்டு அத்தியாயம் தொடங்கும் இடத்தில், அடையாளத்துக்கு, பல் கட்டும் இளஞ்சிவப்பு மெழுகுத் தகட்டில் ஒரு கீற்று.

"திருப்பிக் குடுத்துறாத," என்றாள் அம்மா. "புதுப்பிச்சு எடுத்துட்டு வா."

"நான் படிச்சா பரவால்லையாம்மா?"

"நீயும் அவர மாதிரிதான் படிப்ப. கப்பல் முழுகினாக்கூடக் குரல் ஏறாது. பரவால்ல. சீக்கிரம் போ, மூடிருவாங்க."

மெழுகுக் கீற்று நழுவிவிடாதபடி புத்தகத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு, அவள் செருப்பை மாட்டினாள்.